தன்மையும் முன்னிலையும்: டொனால்ட் டிரிப்லெட்டின் மொழியும் வாழ்வும்

மூவிடப் பெயர்களுள் தன்மையும் முன்னிலையும் ஏனைப் பெயர்களின் வேறுபட்டவை என்பது இலக்கணம் பயின்றார் அறிந்ததே. மரம் என்னும் சொல் யார் வாயிற் பிறப்பினும் மரத்தையே சுட்டும். ‘நான்’ என்னும் சொல்லோ சொல்வார் மாறுந்தோறும் தன் பொருளை மாற்றிக்கொள்ளும். தாய் அச்சொல்லால் தன்னைச் சுட்டுகின்றாள். அவளிடமிருந்தே மொழி கற்கும் மகவு அதே சொல்லால் தன்னைச் சுட்டுதல் வேண்டும். தாய் ‘நீ’ என்று சுட்டுவது மகவையே ஆயினும், மகவு அச்சொல்லை ஆளுங்கால் அது தாய்க்கு உரியதாகிவிடுகின்றது. டென்மார்க்கு நாட்டு மொழிநூலறிஞர் எசுபர்சன் 1922-இல் இத்தகைய சொற்களைப் ‘பெயர்வன’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டு வகுத்தார். உரோமன் யாகோப்சன் 1957-இல் அக்கருத்தை விரித்து எழுதினார். இவ்வளவு நுட்பமான ஒன்றைப் பெரும்பாலான குழந்தைகள் மூன்று அகவை அளவில் யாரும் கற்பியாமலே கற்றுவிடுகின்றன. அங்ஙனம் கல்லாது, தன்னை ‘நீ’ என்றே பல்லாண்டு வழங்கி வந்த ஒரு சிறுவனின் வரலாற்றை இக்கட்டுரை கூறும். அச்சிறுவன் 89 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆதலின் குழவிப் பருவத்து மொழியோடு இக்கட்டுரை நின்றுவிட இயலாது.

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933 செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். ஆட்டிசம் என்று இன்று மருத்துவ நூல்கள் கூறும் நிலையை உடையவராக முதன்முதல் அடையாளம் காணப்பெற்றவர் இவர். லியோ கானர் 1943-இல் ‘நெர்வஸ் சைல்டு’ என்னும் இதழில் வெளியிட்ட ஆய்வுரையில் 11 குழந்தைகளை விளக்கினார். எண்மர் ஆண்கள், மூவர் பெண்கள். அவருள் முதலாம் எண் இடப்பெற்ற ‘டொனால்ட் டி.’ என்பவரே இவர்.

பெயரைப் பற்றி முதற்கண் சில கூறல் வேண்டும். கிரேக்க மொழியில் ‘தான்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து ‘ஆட்டிசம்’ என்னும் சொல்லைப் படைத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் பிளாய்லர். மனச்சிதைவு உற்றார் தம்முள் ஒடுங்குதலைக் குறிக்க அவர் அதனை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழங்கினார். கானர் அச்சொல்லைக் கடன்கொண்டு வேறொன்றிற்கு இட்டார். ஒரு நோயின் கூறாகப் பிறந்த சொல், பிறவியிலேயே அமையும் ஓர் இயல்பிற்குப் பெயராயிற்று. சொற்பொருள் மாற்றம் ஆராய்வார்க்கு இஃது ஒரு நல்ல சான்று. ஆனால் பழம்பொருளின் நிழல் அச்சொல்லை விட்டு முற்றும் நீங்கவில்லை. ‘தன்னுள் ஒடுங்கியவன்’ என்னும் கருத்தே மொழிபெயர்ப்புகள் தோறும் பின்தொடர்ந்தது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும், தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் வழங்குகின்றனர். இவற்றுள் பின்னது பிழையான ஆக்கம் என்பது என் துணிபு. இரண்டு அகவை நிரம்பாமுன் தன் ஊரின் வீடுகள் பலவற்றின் பெயரையும், கண்ட முகங்களையும் அவற்றிற்குரிய பெயர்களையும் நினைவிற்கொண்ட சிறுவனைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்றல் எங்ஙனம் பொருந்தும்? அவன் சிந்தித்த புற உலகு நாம் எதிர்பார்க்கும் புற உலகன்று என்பதே உண்மை. பொருந்திய தமிழ்ச்சொல் வாய்க்கும் வரை கடன்சொல்லையே ஆளுதல் தீங்கற்றது எனக் கருதி, இக்கட்டுரை ஆட்டிசம் என்றே வழங்கும்.

டொனால்டின் தந்தை ஆலிவர் டிரிப்லெட், யேல் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற வழக்கறிஞர். தாய் மேரி, அவ்வூர் வங்கியை உடைய குடும்பத்தில் தோன்றியவர். மகன் ஓர் அகவையிலேயே பல பாடல்களின் இசையைப் பிழையின்றி முணுமுணுத்தான். பின்னர் விவிலியத்தின் 23-ஆம் சங்கீதத்தையும், சமய வினாவிடை நூலிலிருந்து 25 வினாவிடைகளையும் மனனம் செய்தான். நெடுங்கணக்கை முன்னும் பின்னுமாக ஒப்பித்தான். நூறு வரை எண்ணினான். ஆயின் தந்தை வீடு திரும்புவதை அவன் பொருட்படுத்தவில்லை. அழைத்தால் வருவதில்லை. சுழலக்கூடிய பொருள் எதுவாயினும் அதனைத் தரையிற் சுழலவிட்டு மகிழ்ந்தான்; அதைத் தடுத்தால் சீற்றம் பொங்கியது. தனித்து விடப்பட்ட பொழுதே அவன் பெரிதும் மகிழ்வோடு இருந்ததாகத் தந்தை குறித்துள்ளார்.

அந்நாளில் இத்தகைய குழந்தைகளைப் பெற்றோர்க்கு மருத்துவர் கூறிய அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: இல்லத்தில் விட்டு மறந்துவிடுக என்பது. 1937 ஆகஸ்டில், நான்கு அகவை நிரம்பாத டொனால்ட், காசநோய்த் தடுப்பின் பொருட்டு அமைந்த குழந்தைகள் இல்லம் ஒன்றிற் சேர்க்கப்பட்டான். அங்கு அவன் பிறரோடு ஆடாது, பெரும்பொழுதும் அசையாது அமர்ந்திருந்தான். ஓராண்டு கழிந்தபின் பெற்றோர் அவனை மீட்க முனைந்தனர். இல்லத்தின் தலைவர் அதனை விரும்பவில்லை. அவனை அங்கேயே விட்டுவைத்தல் நன்று என்றார். பெற்றோர் அதனைக் கேளாது அவனை வீட்டிற்குக் கொணர்ந்தனர். டொனால்டின் பின்னைய வாழ்வு முழுவதும் இந்த ஒரு மறுப்பின்மேல் நிற்கின்றது எனலாம்.

அதன்பின் தந்தை பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கானருக்கு, மகனைப்பற்றித் தட்டச்சில் 33 பக்கம் நீண்ட மடல் ஒன்று வரைந்தார். கானர் ஆஸ்திரிய–அங்கேரிப் பேரரசில் 1894-இல் பிறந்து 1924-இல் அமெரிக்கா புகுந்தவர். குழந்தை மனமருத்துவம் பற்றிய அவர்தம் பாடநூல் 1935-இல் வெளிவந்தது. 1938 அக்டோபரில் அவர் டொனால்டை நேரிற் கண்டார். அவருடைய 1943-ஆம் ஆண்டு ஆய்வுரையில் டொனால்டின் இளமை பற்றிக் காணப்படுவனவற்றுட் பெரும்பகுதி அம்மடலிலிருந்து எடுக்கப்பட்டதே. ஒரு தந்தையின் கூர்ந்த நோக்கே இத்துறைக்கு முதல் மூலம் ஆயிற்று. ஆனால் வியப்பிற்குரிய முரண் ஒன்றும் இங்குண்டு. அத்துணை விரிவாக எழுதுதலையே கானர் பெற்றோரின் மிகைப்பட்ட மனப்போக்கிற்குச் சான்றாகக் கொண்டார். எழுதாது விட்டிருப்பின் அக்கறையற்றவர் என்றிருப்பர் போலும்!

இனி டொனால்டின் மொழியை நோக்குவோம். அவன் குளிக்க விரும்பியபொழுது, ‘உனக்குக் குளிக்க வேண்டுமா’ என்று தாயிடம் வினவினான். மிதியடியைக் கழற்றவேண்டின் ‘உன் மிதியடியைக் கழற்று’ என்றான். தடுக்கி விழப்பார்த்துத் தப்பிய போது, தன்னைக் குறித்தே ‘நீ விழவில்லை’ என்றான். நோக்குவார்க்கு இவை பொருளற்ற பிதற்றல் போலத் தோன்றும். உற்று நோக்கின் ஒவ்வொன்றும் அந்தந்தச் சூழலில் தாய் அவனிடம் கூறிய சொற்றொடரே என்பது புலனாகும். குளியலுக்கு முன் தாய் அங்ஙனம் வினவினாள். அவ்வினாவைத் தொடர்ந்து குளியல் நிகழ்ந்தது. ஆதலின் அவனைப் பொறுத்தவரை அவ்வினாத்தொடர் முழுவதும் குளியலின் பெயர். தொடரை உறுப்புறுப்பாகப் பிரித்து, வினாவை விடையாக்கி, முன்னிலையைத் தன்மையாக்குதல் என்னும் செயல் அவனிடம் நிகழவில்லை. கேட்ட தொடர் ஏற்ற இறக்கத்தோடும் அப்படியே காக்கப்பட்டது. இத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ ஆறாம் அகவையில் படிப்படியாகத் தன்மைச் சொல்லை ஆளத் தொடங்குவதாகக் கானர் எழுதினார்.

‘ஆம்’ என்னும் சொல்லை அவன் கற்ற வரலாறு இதனினும் சுவையுடையது. ‘ஆம்’ என்று சொன்னால் தோள்மேல் ஏற்றிக்கொள்வதாகத் தந்தை கூறி அச்சொல்லைப் பயிற்றினார். அவனும் கற்றான். ஆயின் அதன்பின் அவனுக்கு ‘ஆம்’ என்பது உடன்பாட்டைக் குறிக்கவில்லை; தந்தையின் தோள்மேல் ஏறும் விருப்பத்தையே குறித்தது! அச்சூழலிலிருந்து அச்சொல்லைப் பிரித்தெடுக்கப் பல திங்கள் ஆயின. பொதுவான உடன்பாட்டுச் சொல்லாக அதனை ஆள இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. இவ்வாறே, ஒரு பொருளைக் ‘கீழே வை’ என்றால் அவன் அதனைத் தரையிலேயே வைத்தான். ‘கீழே’ என்பது அவனுக்குத் தரையின் பெயர்.

பிறிதொரு சான்று. அவனிடம் நீர்வண்ணப் புட்டிகள் ஐந்து இருந்தன. அந்நாளில் கனடா நாட்டில் ஒரே பேற்றிற் பிறந்த தியோன் சகோதரியர் ஐவர் உலகப்புகழ் பெற்றிருந்தனர். ஐந்து புட்டிகளுக்கும் அவ்வைவர் பெயரையும் அவன் இட்டான். நீலம் அனெட், சிவப்பு செசில். பின்னர் வண்ணங்களைக் கலக்குங்கால், அனெட்டும் செசிலும் சேர ஊதா ஆகும் என்றான். பின்னணி அறியாதார்க்கு இது பித்தர் கூற்று; அறிந்தார்க்கோ ஆகுபெயரோடு ஒருபுடை ஒத்ததாய்த் தோன்றும். கானர் 1946-இல் இப்பொருள் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றே எழுதினார். பால் என்னும் ஐந்து அகவைச் சிறுவன் எதையேனும் வீசியெறிய எண்ணித் தன்னைத் தடுத்துக்கொள்ளும் போதெல்லாம், மாடத்திலிருந்து நாயை எறியாதே என்று சொல்வானாம். அங்கு மாடமும் இல்லை, நாயும் இல்லை. மூன்றாண்டுகட்கு முன் இங்கிலாந்தில் விடுதியொன்றில் தங்கியிருந்தபொழுது, பொம்மை நாயை அவன் மீண்டும் மீண்டும் மாடத்திலிருந்து எறிய, எடுத்து எடுத்துச் சலித்த தாய் கூறிய தொடர் அது. சலித்த தாயின் ஒரு தொடர், தன்னைத்தான் அடக்கிக்கொள்ளும் வாய்பாடாக அச்சிறுவனிடம் நிலைபெற்றுவிட்டது. இத்தொடர்கள் பொருளற்றவை அல்ல, பொருளின் வரலாறு கேட்பானுக்கு மறைந்துகிடக்கின்றது என்பதே கானரின் முடிபு. நம் உரையாசிரியர்கள் ஓர் அருஞ்சொல்லுக்குப் பொருள்காண இடமும் வழக்கும் தேடிச் செல்வரன்றோ? இக்குழந்தைகளின் தாய்மார் அத்தகைய உரையாசிரியர் ஆகவேண்டியிருந்தது.

தன்மை முன்னிலை மயக்கம் ஆட்டிசம் உடையார் எல்லாரிடத்தும் காணப்படுவதன்று. பிறரிடத்தும், சிறப்பாகப் பார்வையற்ற குழந்தைகளிடத்தும் உண்டு. கேட்ட தொடரைத் திருப்பிச் சொல்லுதலை வெற்றொலி எனக் கருதி ஒழிக்க முயன்ற பயிற்சி முறைகளும் ஒரு காலத்து மிக்கிருந்தன. 1980-களின் தொடக்கத்தில் பாரி பிரிசண்ட் முதலியோர் நிகழ்த்திய ஆய்வுகள், அத்தகைய கூற்றுகள் வேண்டல், உடன்படல், உரையாடலில் தன்முறையை நிறைத்தல் எனப் பல பயன் உடையன என்று காட்டிய பின்னரே அம்முறைகள் தளர்ந்தன.

ஒன்பது அகவை அணுகும் காலத்தில், 1942-இல், பெற்றோர் டொனால்டை ஊரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் வாழ்ந்த உழவர் குடும்பம் ஒன்றிற் சேர்த்தனர். 1945-இல் கானர் அங்குச் சென்று கண்டதை எழுதியுள்ளார். அப்பகுதி, அவ்வாய்வு நூல்கள் அனைத்திலும் யான் மிக விரும்பிப் படித்தது. அவ்வுழவரும் மனைவியும் மருத்துவம் பயின்றவரல்லர். ஆயினும் மருத்துவர் பலர் பின்னர் நெடுங்காலம் கழித்துக் கற்றதை அவர் அன்றே செய்தனர். டொனால்டுக்கு அளத்தலில் அடங்காத ஆர்வம் இருந்தது. அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து, ஆழத்தை அளந்து கூறுமாறு பணித்தனர். அவன் சோளப் பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணினான். எண்ணிக்கொண்டே உழுக என்றனர். கானர் சென்ற நாளில் அவன் நீண்ட சால் ஆறு உழுதான். குதிரையைத் திருப்பியும் ஏர் நடாத்தியும் அவன் காட்டிய திறம் அம்மருத்துவரை வியப்பில் ஆழ்த்தியது. இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்க்கலானான். அவற்றைப் புதைக்க ஓரிடம் ஒதுக்கித் தந்தனர். அவன் ஒவ்வொன்றற்கும் நடுகுறி நட்டான். அக்குறியில் முதற்கண் ஒரு மக்கட்பெயர், நடுவில் உயிரினத்தின் பெயர், இறுதியில் அவ்வுழவரின் குடிப்பெயர். பிறந்த நாள் தெரியாது என்ற குறிப்பு, இறந்த நாளாக அவன் அதனைக் கண்டெடுத்த நாள். நத்தை ஒன்றிற்கும் அங்ஙனம் குடிப்பெயர் கிடைத்தது! குடும்பத்தில் தன்னை ஒருவனாகக் கருதாத சிறுவன் இறந்த நத்தைக்கு அக்குடும்பத்தின் பெயரை இட்டிருப்பானா என்பது சிந்தித்தற்குரியது. அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் அவன் விந்தைகளைப் பொருட்படுத்தாது ஏற்றுக்கொண்டது.

பதினான்கு அகவையளவில் அவன் மூட்டுவாத நோயால் கடுமையாகத் துன்புற்றான். பொன் உப்பு மருந்து தரப்பட்டு நலமுற்றான். அந்நோய் நீங்கியபின் அவன் பதற்றம் குறைந்து பிறரோடு பழகத் தொடங்கியதாகக் குடும்பத்தார் உரைத்தனர். அம்மருந்திற்கும் அம்மாற்றத்திற்கும் தொடர்பு உண்டென்று நிறுவப்படவில்லை. உயர்நிலைப் பள்ளியிற் படித்த காலத்துக் கதை ஒன்று அவ்வூரில் நெடுநாள் வழங்கியது: பள்ளிக் கட்டடத்தின் முகப்பில் உள்ள செங்கற்கள் எத்துணை என்று மாணவர் கேட்க, டொனால்ட் ஒருமுறை நோக்கிய அளவில் எண்ணைக் கூறிவிட்டார் என்பது. முதுமையில் எழுத்தாளர் இருவர் இதுபற்றி அவரை வினவினர். அவ்வெண் தாம் வாய்க்கு வந்தபடி சொன்னது என்றும், அம்மாணவர் தம்மை மதிக்கவேண்டும் என்று விரும்பியே அங்ஙனம் சொன்னதாகவும் அவர் விடையிறுத்தார். பிறர் உள்ளத்தில் தான் எங்ஙனம் தோன்றுகின்றான் என்னும் எண்ணமே அற்றவர் ஆட்டிசம் உடையார் என்று எழுதிய நூல்கள் பல. அந்நூல்களுக்கு இவ்விடையினும் தக்க மறுப்பு வேண்டுவதில்லை. எனினும் அவர் கணக்குத் திறம் பொய்யன்று: 87-ஐ 23-ஆற் பெருக்குக என்றபொழுது 2,001 என்று உடன் கூறினார்.

மில்சாப்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு மொழியைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு 1958-இற் பட்டம் பெற்று, குடும்பத்தார் வங்கியிற் பணம் வாங்கிக் கொடுக்கும் எழுத்தராக அமர்ந்தார். 1970-இல் தாய் கானருக்கு எழுதிய மடலொன்று, 1971-இற் கானர் வெளியிட்ட தொடர் ஆய்வில் இடம்பெற்றுள்ளது. மகன் பதவி உயர்வை விரும்புவதில்லை. கால்ப் ஆட்டத்தில் ஆறு கோப்பைகள் வென்றுள்ளான். ஊர்ச்சங்கம் ஒன்றின் தலைவனாக ஒருமுறை இருந்தான். இரண்டாவது மகிழுந்து வாங்கியுள்ளான். சீட்டாட்டம் ஓரளவு நன்கு ஆடுவான், ஆனால் தானாக ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. பொதுப்பேச்சிற் கலந்துகொள்வது மிகக் குறைவு. இவற்றைச் சொல்லிவந்த தாய், அவன் உள்ளத்து உணர்வுகள் யாவை என்பதைத் தாம் அறிய விரும்புவதாகவும் அம்மடலிற் குறித்துள்ளார். அப்போது 36 அகவையினனாகிய மகனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தாய் அவர்.

டொனால்ட் 36-ஆம் அகவை தொடங்கி உலகஞ் சுற்றினார். குறைந்தது 28 வெளிநாடுகள் கண்டார், தனியே சென்றார், எப்பயணமும் ஆறு நாளுக்கு மேல் நீண்டதில்லை. சென்ற இடங்களில் யாரோடும் நட்புக் கொண்டதாகத் தெரியவில்லை. காணவேண்டியவற்றைக் கண்டு படமெடுத்துத் திரும்பினார். ஊர் மக்கட்கு அவர் எண்கள் இட்டிருந்தார். தம்மைக் காணவந்த எழுத்தாளருள் கேரன் சக்கருக்கு 549, ஜான் டான்வனுக்கு 550. ஒருவருக்கு இட்ட எண்ணை அவர் மறப்பதுமில்லை, மாற்றுவதுமில்லை. ‘நான்’, ‘நீ’ என்பவை போல் வாய்தோறும் பெயர்ந்து செல்லாத பெயர் எண் ஒன்றே அன்றோ என எண்ணத் தோன்றுகின்றது. இது கட்டுரையாளன் கருத்தேயன்றி ஆய்வு முடிபன்று. தந்தை 1980-இலும் தாய் 1985-இலும் மறைந்தனர். குடும்பத்தார் அவர்பொருட்டு அறநிதி ஒன்று அமைத்திருந்தனர். பெற்றோர் வாழ்ந்த வீட்டிலேயே அவர் தனித்து வாழ்ந்தார். அவ்வூர்க்கு வந்த எழுத்தாளர் இருவரையும், டொனால்டுக்குத் தீங்கு செய்தால் விடமாட்டோம் என்று ஊரார் பலர் தனித்தனியே எச்சரித்தனர். 2023 ஜூன் 15-ஆம் நாள் அவர் காலமானார்.

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் கூறுதல் நேர்மையன்று. கானரின் 1971-ஆம் ஆண்டு ஆய்வு எஞ்சிய பதின்மரின் பிற்கால நிலையையும் ஆராய்ந்தது. இரண்டாம் எண் பெற்ற ஃபிரெடரிக் என்பவர் அலுவலகம் ஒன்றிற் படியெடுக்கும் பொறிகளை இயக்கும் பணியில் நன்கு வாழ்ந்தார். அரசு மனநோய் இல்லங்களிற் சேர்க்கப்பட்டோர் நிலையோ மிக இரங்கத்தக்கது. இளமையில் அவரிடம் விளங்கிய நினைவாற்றல் முதலியனவும் மங்கிப்போயின. அவ்வில்லங்களில் விடுதல் வாழ்நாள் தண்டனைக்கு ஒப்பாயிற்று என்னும் கருத்துப்பட அம்முதிய மருத்துவரே எழுதினார். டொனால்டுக்கும் அவர்க்கும் இயல்பில் உள்ள வேறுபாடு எத்துணை, வாய்ப்பில் உள்ள வேறுபாடு எத்துணை என்று பகுத்தல் எளிதன்று. ஆயினும் ஒன்று கூறலாம். வங்கி உடைய வெள்ளையர் குடும்பத்திற் பிறவாது, அதே மாநிலத்தில் அதே ஆண்டில் ஏழைக் கறுப்பர் குடிலிற் பிறந்த குழந்தைக்கு 33 பக்க மடலும் பால்டிமோர்ப் பயணமும் வங்கி வேலையும் வாய்த்திரா. கானர் கண்ட பெற்றோர் பெரும்பாலும் கற்றோரும் செல்வரும் ஆயினமைக்கும் காரணம் அதுவே. அவரைச் சென்றடையக் கூடியவர் அவரே. இந்த எளிய உண்மையை உணராது, கற்ற பெற்றோரின் குளிர்ந்த உள்ளமே குழந்தையை இங்ஙனம் ஆக்கிற்று என்னும் கொள்கை எழுந்தது. 1943-இற் பிறவியமைப்பு என்று எழுதிய கானரே 1949-இற் பெற்றோரின் அன்பின்மை பற்றிப் பேசினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதனைப் பெருநூலாக்கினார். தாம் தந்தையாதலின் இதனைப் பொறாத உளநூலறிஞர் பெர்னார்டு ரிம்லண்டு 1964-இலேயே மறுத்து நூல் எழுதியிருந்தார். 1969-இற் பெற்றோர் மாநாட்டில் கானர் அவர்கள்மேல் இருந்த பழியை நீக்கிப் பேசினார். இடைப்பட்ட இருபதாண்டுக் காலம் தாய்மார் சுமந்த பழிக்கு ஈடு செய்வார் எவருமிலர்.

கானருக்கு முன்னரே, மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா என்னும் அம்மையார் இத்தகைய சிறுவர் அறுவரை 1925-இல் உருசிய மொழியிலும் 1926-இற் செருமானிய மொழியிலும் விளக்கியிருந்தார். வியன்னாவின் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944-இல் எழுதியதனை ஆங்கில உலகிற்கு எடுத்துக்காட்டியவர் இலண்டன் மருத்துவர் லோர்னா விங். அவர் கட்டுரை 1981-இல் வந்தது. அஸ்பெர்கர் நாசி ஆட்சியில் குழந்தைகளைக் கொலைக்களமாகிய மருத்துவமனைக்கு அனுப்பியதை ஹெர்விக் செக்கு 2018-இல் ஆவணங்களால் நிறுவினார். விங்கும் ஜுடித் கோல்டும் 1979-இல் வெளியிட்ட ஆய்வே, ஆட்டிசத்தைத் தனித்த சிறு வகையாகக் கருதாது, பல அளவிற் பரந்துபட்ட நிறமாலை எனக் கொள்ளும் இன்றைய கருத்திற்கு வழிவகுத்தது. 2013-இல் அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் கையேடு அதனை ஏற்றது.

இக்கருத்து மாற்றத்தின் பயனாக, வளர்ந்தவர் பலர் நாற்பதிலும் ஐம்பதிலும் தம்மை அறியத் தொடங்கினர். அவருள் மகளிர் பலர். இளமை முழுதும் பிறர் முகத்தையும் சொல்லையும் பார்த்துப் பார்த்து ஒப்பனை போல் பூண்டு நடித்துக் களைத்துப்போனமையைத் தம் வரலாறுகளில் அவர் எழுதுகின்றனர். ஜிம் சின்கிளேர் 1993-இற் பெற்றோரை நோக்கி எழுதிய உரையில், எம்பொருட்டு அழுதல் வேண்டா, ஆட்டிசம் என்னும் ஓட்டிற்குள் வேறொரு குழந்தை மறைந்திருக்கவில்லை என்னும் கருத்தை வற்புறுத்தினார். தாமும் ஆட்டிசம் உடையவராகிய டேமியன் மில்டன் 2012-இற் கூறியது மொழிபயில்வார் கருதத்தக்கது: ஆட்டிசம் உடையார் பிறரை உணர்வதில்லை எனின், பிறரும் அவரை உணர்வதில்லை, குறை ஒருவர்பால் அன்று, இருவர்க்கும் இடையே உளது என்பது. கேத்தரின் குரோம்ப்டனும் உடனாய்வாளரும் 2020-இல் இதனைச் சோதித்தனர். ஒரு கதையை ஒருவர் மற்றொருவர்க்கு, அவர் அடுத்தவர்க்கு என எண்மர் தொடராகச் சொல்லச் செய்தனர். ஆட்டிசம் உடையார் மட்டும் அமைந்த தொடரும், அஃதில்லார் மட்டும் அமைந்த தொடரும் ஒத்த அளவிற் செய்தியைக் காத்தன. இருவகையினரும் கலந்த தொடரிலேயே செய்தி விரைந்து தேய்ந்தது.

தமிழ் பேசுவாரிடத்து இவ்வாராய்ச்சி எங்ஙனம் அமையும் என்பதை நம் முதுகலை மாணவர் எண்ணிப்பார்த்தல் நலம். ஆங்கிலத்தில் டொனால்டின் மயக்கம் பெயரில் வெளிப்பட்டது. தமிழிலோ பெயர் பெரிதும் தொக்கு நிற்கும்; ‘வேண்டும்’ என்பது இடவிகுதி பெறாது. தமிழ்க் குழந்தை தாய் வினவிய ‘குளிக்க வேண்டுமா’ என்பதை அப்படியே கூறின், முன்னிலை அங்கு எவ்வுறுப்பிலும் தோன்றாது. இறுதி ஆகாரம் ஒன்றே காட்டிக்கொடுக்கும். மயக்கம் வெளிப்படுதற்குரிய இடம் ‘விழுந்தாய்’, ‘விழுந்தேன்’ போன்ற வினைமுற்று விகுதி. ஆங்கில நூல்களின் வினாப்பட்டியை அவ்வாறே மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தையைச் சோதிப்பவர் இதனைக் காணாது விடுவர். காணாதுவிட்ட குழந்தை பயிற்சியும் உதவியும் பெறாது போம். மேலும், கேட்பாரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தா ‘நாங்கள்’. மதிப்பு நோக்கி வேறுபடும் ‘நீ’, ‘நீங்கள்’. தன்மை முன்னிலைகட்கு உரிய வரவும் தரவும், படர்க்கைக்கு உரிய செலவும் கொடையும் எனத் தொல்காப்பியர் பகுத்தவை. ஈ, தா, கொடு என்பவற்றை இரப்போரின் தரம் நோக்கி அவர் பிரித்தமை ஆகிய அனைத்தும் பேசுவான் கேட்பான் உறவைச் சொல்லாமலே உணரும் அறிவைச் சார்ந்தவை. பேச்சுவழக்கில் இவற்றை யாரும் விதியாகச் சொல்லித் தருவதில்லை; பிழைத்தால் மட்டும் ‘பெரியவரிடம் மரியாதையில்லை’ என்று சினக்கின்றோம். அலுவலகத்தில் மேலவரை ‘நீ’ என்று சொல்லிவிட்ட இளைஞன் திமிர் பிடித்தவனாக எண்ணப்படுகின்றான். உண்மையில் அவனுக்கு அவ்விதி இலக்கணமாக ஒருமுறை உரைக்கப்பட்டிருப்பின் பிழையாது ஆண்டிருப்பான்.

இந்தியாவில் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. 18 அகவை கடந்தோர்க்கும் தேவைப்படின் காப்பாளரை அமர்த்த அதில் வழியுண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகையுள் இதுவும் ஒன்று. டிரிப்லெட் குடும்பத்தார் தம் செல்வத்தால் அமைத்துக்கொண்டதைச் செல்வமிலார்க்குச் சட்டத்தால் அமைக்க முயல்வன இவை. சான்றிதழிலும் அட்டையிலும் இடம்பெறும் தமிழ்ப் பெயரைத் திருத்தும் பணியேனும் தமிழ்த்துறைகளின்பாற் பட்டது. அப்பெயரைத் தன் அட்டையிற் படிப்பவன் படிக்கத் தெரிந்தவன். பலகாலும் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு படிப்பவன்.